விதானையாருக்கு இலத்தீனில் என்ன பெயர்?

உரோமாபுரி
12.3.1962

அன்புள்ள அண்ணாவுக்கு,

நீங்களும் அண்ணியும் நோய்நொடி இல்லாமல் இருக்கிறீர்கள் என்ற நம்பிக்கையோடு எழுதுகிறேன். நான் சுகம். இங்கத்தைக் குளிர் மட்டும் இன்னும் பழகவில்லை.

ஏழு வருடமாகப் போகிறது நாம் ஒருவருக்கொருவர் எழுதி. கிழிக்காமல் இந்த வரி வரைக்கும் வந்திருந்தால் மிச்சத்தையும் வாசித்துவிடுங்கள். நீங்கள் பள்ளிக்கூடத்தை விட்டுவிட்டுத் தர்மபுரத்தில் காணி எடுத்து வயல் செய்வதாகக் கிளிநொச்சிப் பங்குச் சுவாமியார் எழுதினார். விலாசமும் அவர் தந்ததுதான்.

இங்கே என் ஆய்வுக்குப் பொருள், வன்னியை ஆண்டவர்களும் அந்தக் காலத்துக் குருமாரும். அதை இலத்தீனில்தான் எழுத வேண்டும். மொழி எனக்குத் தடையில்லை. அதை எனக்கு யார் படிப்பித்தார் என்பது உங்களுக்குத் தெரியும். தடையாயிருப்பது பட்டங்கள். வன்னியனாரை அரசர் என்று ரெக்ஸ் போடுவதா? முதலியார், உடையார், விதானையார் என்ற ஊர் அதிகாரிமாருக்கு எதைப் போடுவது? பழைய குருமார் வாயில் வந்ததை எழுதியிருக்கிறார்கள். ஒரே ஆள் ஒரு கடிதத்தில் மகாராசா, அடுத்த கடிதத்தில் ஊர்த் தலைவன். என் பேராசிரியர் ஜெர்மன்காரர். விதானையார் என்றால் பொலிஸ்காரனா, நீதிபதியா, வரி வாங்குபவனா என்று கேட்கிறார். மூன்றும்தான் என்றால் சிரிக்கிறார்.

வன்னியும் தெரிந்து இலத்தீனும் தெரிந்த ஒரே ஆள் நீங்கள்தான். உதவுவீர்களா?

அண்ணிக்கு என் அன்பைச் சொல்லுங்கள்.

தங்கள் தம்பி,
தில்லை

—

தர்மபுரம்
20.5.1962

தில்லைநாதனுக்கு,

நாங்கள் சுகம். உன் சுகத்தைப் பத்மாசனி விசாரிக்கச் சொன்னா.

விலாசத்தில் உன் பெயருக்கு முன்னால் குருமாருக்குரிய 'வண.' என்று போட்டிருக்கிறேன். அது தபாற்காரனுக்காக.

நீ கேட்டது இலத்தீன். ஆகவே இலத்தீனுக்கு மட்டும் பதில் எழுதுவேன். வேறு கதை வேண்டாம். தாய்க்குக் கொள்ளி வைப்பது இளைய மகனின் கடமை. நீ வெள்ளை அங்கியோடு வந்து படலைக்கு வெளியே நின்றாய். கழற்றிவிட்டு வேட்டியோடு உள்ளே வா என்றேன். கழற்றவில்லை. உன் கடமையை நான் செய்தேன். ஒருமுறை எழுதியாயிற்று, இனி எழுதேன்.

இலத்தீன் எனக்குச் செய்ததையும் எழுதிவிடுகிறேன். சிவில் சேவைப் பரீட்சைக்கு என்று உனக்கு அதைப் படிப்பித்தேன். நீ அதை எடுத்துக்கொண்டு வேதக் கோயிலுக்குள் போய்விட்டாய். பிறகு பள்ளிக்கூடத்தில் இலத்தீன் வகுப்பையே மூடினார்கள். இனிச் சுகாதாரம் படிப்பியுங்கோவன் மாஸ்டர் என்று அதிபர் சிரித்துக்கொண்டு சொன்னார். எனக்கு வரவேண்டிய அதிபர் கதிரையில் இருந்துகொண்டு சொன்னார். இப்போது எனக்கு மூன்று ஏக்கர் வயலும் இரண்டு எருதும் உண்டு. எருதுகள் என்னிடம் எதையும் கற்பதாகச் சொல்லி ஏமாற்றுவதில்லை.

இனி உன் கேள்வி. ரெக்ஸ் கூடாது. அது தனக்கு மேல் எவனும் இல்லாதவனுக்குரிய சொல். வன்னியனார்மார் ஒருநாள் திறை கொடுத்து, மறுநாள் கொடாமல் காட்டுக்குள் இருந்து ஆண்டவர்கள். ரெகுலுஸ் அதைவிட மோசம். 'ராசாக்குட்டி' என்று கேலி செய்வது போலிருக்கும். வெளிநாட்டான் அப்படி எழுதலாம், நீ எழுதக் கூடாது. பிரின்செப்ஸ் என்று போடு. முதல்வன். எதையும் முதலில் எடுத்துக்கொள்பவன். ஆளுகிறவன் எல்லாம் அப்படித்தான்.

உடம்பைப் பார்த்துக்கொள்.

கதிர்காமநாதன்

தம்பி, இந்த மூலையில கொஞ்சம் இடம் கிடக்கு. தபாலுக்குக் கொண்டுபோறது நான், அதால எழுதுறன். இவர் உங்கட கடிதத்தைக் கிழிக்கேல்லை. இவ்வளவு நாளும் தலையணைக்குக் கீழதான் கிடந்தது. தெரிஞ்சமாதிரிக் காட்டிக்கொள்ளாதேங்கோ. – பத்மாசனி அண்ணி

—

உரோமாபுரி
10.6.1962

அன்புள்ள அண்ணாவுக்கு,

கடிதம் கிடைத்தது. நீங்கள் இருவரும் சுகமாயிருப்பது அறிந்து நிம்மதி. எனக்குக் குளிரால் வந்த இருமல் விட்டுவிட்டது.

பிரின்செப்ஸ் என்று மாற்றி எழுதிவிட்டேன். பேராசிரியர் வாசித்துத் தலையாட்டினார். அவர் தலையாட்டுவது வருடத்தில் இரண்டு முறை.

நீங்கள் வேண்டாம் என்றதை நான் எழுதவில்லை. அடுத்த பட்டத்துக்கு வருகிறேன். முதலியாருக்கும் உடையாருக்கும் ஓரளவு பொருத்தமான சொற்கள் அகப்பட்டன. விதானையார்தான் ஒன்றுக்குள்ளும் அடங்குகிறார் இல்லை. அங்கே இப்போதும் விதானையார்மார் இருக்கிறார்கள். நீங்கள் நாளாந்தம் காண்கிற மனிதர். அவரைப் பார்த்து எனக்கொரு சொல் தாருங்கள்.

அண்ணியின் கைச்சமையலை நினைத்துக்கொண்டு,
தில்லை

—

தர்மபுரம்
2.7.1962

தில்லைநாதனுக்கு,

இங்கு வெயில் கொளுத்துகிறது. மற்றப்படி சுகம். நீ தேறியது நல்லது.

விதானையாருக்குச் சொல் கேட்டாய். விலிக்குஸ் என்று எழுது. பண்ணையில் ஆட்களை மேய்க்கிற கண்காணி. இதைவிடப் பொருத்தமானது கிடையாது. எங்கள் விதானையாரைக் கண்டு சொல்கிறேன்.

பெயர் அப்புத்துரை. வெயிலிலும் கோட்டுப் போடுவார். குடையை விரிக்காமல் கையில் பிடித்துக்கொண்டு நடப்பார். வழியில் காண்கிறவன் மரியாதைக்குத் தோள் சால்வையை எடுக்காவிட்டால் நின்று பார்ப்பார். நான் எடுப்பதில்லை. அதற்குத்தான் இந்தச் சிறுபோகத்தில் பழி தீர்த்தார்.

போன மாரி பொய்த்துவிட்டது. குளத்தில் பாதிக்குக் குறைவான தண்ணீர். இப்படியான வருடத்தில் யாருடைய காணி எது என்று பார்ப்பதில்லை. வயலில் ஒரு பகுதியை மட்டும் துண்டு துண்டாகப் பிரித்து, எல்லோரும் ஒவ்வொரு பங்கு விதைக்க வேண்டும். பிரித்துக் கொடுப்பவர் விதானையார். வாய்க்காலின் தலைப்பில் எவ்வளவோ இடம் இருந்தது. எனக்குத் தந்தது எங்கே தெரியுமா? வாலில். தண்ணீர் கடைசியாக வந்து சேரும் இடத்தில். எனக்கு அப்பால் ஒரேயொரு துண்டு, பிறகு காடு. அந்த ஒரு துண்டையும் அவரே எடுத்துக்கொண்டார், என்னை வேவு பார்க்க.

பங்கு பிரித்த அன்று எல்லோருக்கும் முன்னால், வாத்தியாருக்கு இது போதும் என்றார். இருபது பேர் சிரித்தார்கள். யாழ்ப்பாணத்தில் ஒரு அதிபர், இங்கே ஒரு விதானை. இடம் மாறினாலும் கதிரையில் இருப்பவன் ஒருவன்தான்.

விலிக்குஸ். வேறு சொல் தேடாதே.

கதிர்காமநாதன்

தம்பி, விதானையார் அவ்வளவு பொல்லாதவர் இல்லை. கோழி எண்டால் கொஞ்சம் ஆசை. இவரிட்டச் சொன்னால் என்னோட நாலு நாள் கதைக்கமாட்டார். – பத்மாசனி

—

உரோமாபுரி
28.7.1962

அன்புள்ள அண்ணாவுக்கு,

வெயிலில் அதிகம் நிற்காதீர்கள். உங்களுக்கு அந்தப் பழைய தலையிடி வருவதுண்டு. நான் நல்ல சுகம்.

விலிக்குஸ் பற்றி ஒரு சந்தேகம். உரோமர் பண்ணைகளில் அந்த வேலையைச் செய்தவன் பெரும்பாலும் அடிமை. இதை எனக்குச் சொல்லித் தந்தவரே நீங்கள்தான். இருபது பேர் சிரித்தது எனக்கும் கோபம். ஆனால் இருநூறு வருடத்து விதானையார்மார் எல்லோரும் அதற்குப் பொறுப்பாக வேண்டுமா என்று யோசிக்கிறேன்.

அண்ணா, வேண்டாம் என்றதைத் தொடுகிறேன். அடுத்த ஆடியில் படிப்பு முடிந்து திரும்புவேன். ஆவணியில் அம்மாவின் திவசம் வரும். அன்றைக்கு நான் தர்மபுரத்துக்கு வரலாமா? அங்கியோடுதான் வரவேண்டியிருக்கும். அது எனக்கு உடுப்பு அல்ல என்பது உங்களுக்குத் தெரியும்.

அண்ணியைக் கேட்டதாகச் சொல்லுங்கள்.

தில்லை

—

தர்மபுரம்
15.10.1962

அன்பான தம்பிக்கு,

கடவுள் துணையால எல்லாரும் சுகம். நீங்களும் அப்பிடியே இருக்கவேணும்.

இது முழுக்க நான் எழுதுற கடிதம். இவருக்குத் தெரியாது. உங்கட ஆடிக் கடிதத்தை வாசிச்சிட்டு எழும்பிப் போனவர், பொழுதுபட்டுத்தான் வந்தவர். 'திவசத்துக்கு விருந்தாளியாய் வரப்போறானாம்' எண்டு ஒரு சொல்லு. அதுக்குப் பிறகு உங்கட பெயரை எடுக்கேல்லை. கடிதம் எழுதுற நீலத்தாளை விரிச்சுவைப்பார், பிறகு மடிப்பார். ஆவணியில திவசம் நடந்தது. ஐயர் இளைய மகன் எங்கையெண்டு கேட்டவர். புது ஐயர், அவருக்குத் தெரியாது. நான்தான் கடல்கடந்து படிக்கிறார் எண்டனான்.

வாறதைப் பற்றி இனி இவரைக் கேளாதேங்கோ. பட்டங்களைக் கேளுங்கோ. ஏதாவது பிழையெண்டு எழுதுங்கோ. பிழையெண்டால் இவருக்கு எழுதாமல் இருக்கேலாது.

நெல்லு இந்தமுறை நல்லாய் விளைஞ்சது. அதை இவரே உங்களுக்கு எழுதட்டும்.

அண்ணி,
பத்மாசனி

—

உரோமாபுரி
5.11.1962

அன்புள்ள அண்ணாவுக்கு,

உங்கள் சுகத்துக்காக ஒவ்வொரு நாளும் மன்றாடுகிறேன். என் சுகத்துக்குக் குறையில்லை.

இங்கே திருச்சபையின் பொதுச் சங்கம் கூடியிருக்கிறது. உலகத்து மேற்றிராணிமார், பிஷப்புகள் எல்லோரும் இலத்தீனில் பேசுகிறார்கள், ஒருவர் பேசுவது மற்றவருக்கு விளங்குவதில்லை. அமெரிக்கரின் இலத்தீனைக் கேட்டால் நீங்கள் பிரம்பைத் தேடுவீர்கள். பூசையைச் சொந்த மொழிகளில் வைக்கலாமா என்று ஒரு பகுதியார் கேட்கிறார்கள். இலத்தீன் வகுப்பை மூடிய உங்கள் அதிபர் தனித்த மனிதரில்லை.

ஒரு சிக்கல். பிரின்செப்ஸ் பிழை என்று பேராசிரியர் இப்போது சொல்கிறார். முதலில் எடுப்பவன் என்றால் வன்னியில் எதை முதலில் எடுத்தான், நெல்லையா, தண்ணீரையா, சான்று எங்கே என்று கேட்கிறார். உங்கள் சொல்லை நான் விட்டுக்கொடுக்கவில்லை. ஆனால் காரணம் வேண்டும். அங்கே ஆளுகிறவன் எதை முதலில் எடுக்கிறான்?

அன்புடன்,
தில்லை

—

தர்மபுரம்
18.1.1963

தம்பி தில்லைநாதனுக்கு,

பத்மாசனிக்குப் பல்வலி இருந்தது, மாறிவிட்டது. நான் சுகம். உனக்கு அங்கே பனி கொட்டும் காலம், காதை மூடிக்கொள்.

உன் ஜெர்மன்காரர் சொல்வது சரி. பிரின்செப்ஸை எடுத்துவிடு.

காரணத்தைச் சொல்கிறேன். புரட்டாதியில் அறுத்துச் சூடு மிதித்தபோது என் பங்கில் நான் எதிர்பாராத விளைச்சல். வாய்க்காலின் நடுவில் இருந்தவர்கள் ஒருவரோடொருவர் மல்லுக்கட்டி, வரம்பை வெட்டி, பாதியைக் கருகவிட்டார்கள். அவர்களில் ஒருவன் வீரகத்தி. ஒட்டுசுட்டான் ஊர்க்காரன், பிறந்ததிலிருந்து குளத்துக்குக் கீழே விதைப்பவன். கார்த்திகையில் ஒருநாள் கூட்டுறவுச் சங்கக் கடையில் வைத்து, பத்துப் பேருக்குக் கேட்கும்படி என்னைப் பிடித்தான்.

"எத்தினை கோழி குடுத்தனீங்கள், வாத்தியார்?"

என்ன கோழி என்றேன்.

"விதானையாற்ற பக்கத்துப் பங்கு சும்மா கிடைக்குமோ? நான் மூண்டு வருசமாய்க் கேக்கிறன்."

கடைமடையை எவனாவது கேட்டு வாங்குவானா என்று கோபப்பட்டேன். அவன் என்னைப் பைத்தியக்காரனைப் போலப் பார்த்தான். பிறகு சிரித்தான். "உங்கட ஊரில கிணறு. இது உங்களுக்கு எங்க விளங்கப்போகுது" என்றான்.

விளங்கப்படுத்தினான். பங்கு பிரிப்பவன் கடைசிப் பங்கைத்தான் தனக்கு எடுக்க வேண்டும். அது இந்தப் பக்கத்து வழக்கம், யாரும் எழுதி வைத்ததில்லை. தன் வயலுக்குத் தண்ணீர் வேண்டுமென்றால் அவன் வாய்க்கால் முழுவதும் நடந்து, திருடுகிறவனைத் தடுத்து, தண்ணீரை வால்வரைக்கும் கொண்டுவந்து சேர்க்க வேண்டும். அவனுக்கு முன் பங்குக்காரன் நித்திரை கொள்ளலாம், தண்ணீர் அவன் வயலைத் தாண்டித்தான் போகும். அந்தப் பங்கைக் குளத்து விவசாயம் தெரியாத புது ஆளுக்குக் கொடுப்பார்கள். வாத்தியாருக்கு இது போதும் என்றால் அதுதான் பொருள். இருபது பேர் சிரித்தது பொறாமையில்.

நான் நாலு மாதம் அந்த மனிதர் விடியற்புறத்தில் என் வரம்பால் போவதைக் கண்டு, வேவு பார்க்கிறார் என்று பல்லைக் கடித்துக்கொண்டிருந்தேன்.

அப்படியே என்றாலும் அவர் சால்வைக்கு நின்று பார்ப்பது உண்மை. கோழியும் உண்மை. அதை நான் விடமாட்டேன்.

மற்றது, போன கிழமை அவரே வீட்டுக்கு வந்தார். உன் புத்தகத்தைப் பற்றிப் பத்மாசனி அவருடைய மனைவிக்கு ஊதிவிட்டிருக்கிறா. கதிரையில் இருந்து, குடையை மடியில் வைத்துக்கொண்டு கேட்டார்: "உரோமாபுரியில என்ர உத்தியோகத்தை அச்சடிக்கினமாம். என்னெண்டு போட்டிருக்கு, வாத்தியார்?"

தம்பி, வாழ்க்கையில் முதல்முறையாக ஓர் இலத்தீன் சொல்லைச் சொல்ல எனக்கு நா எழவில்லை. இன்னும் யோசிக்கிறேன் என்றேன்.

"யோசியுங்கோ. விதானை உத்தியோகத்தை எடுக்கப் போறாங்கள் எண்டு அரசாங்கக் கச்சேரியில கதைக்கினம். புத்தகத்தில எண்டாலும் கிடக்கட்டும்" என்றார். போகும்போது பத்மாசனி கோழி பிடிக்க ஓடினா. வேண்டாம் என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

விலிக்குஸ் அச்சுக்குப் போய்விட்டதா? போயிருந்தால் நிறுத்தலாமா? உடனே எழுது.

அண்ணா

—

உரோமாபுரி
20.2.1963

அன்புள்ள அண்ணாவுக்கு,

அண்ணியின் பல் பூரண சுகமா? நான் சுகம்.

விலிக்குஸ் அச்சுக்குப் போகவில்லை. நான் அதை எழுதவே இல்லை. விதானையார் வருகிற இடமெல்லாம் வெறுமையாக விட்டுவைத்தேன். உங்கள் கோபம் ஆறினால் நல்ல சொல் வரும் என்று தெரியும். ஆறாமலும் விடலாம் என்றும் தெரியும், அதனால்தான் கொஞ்சம் பயந்திருந்தேன்.

இப்போது எந்தச் சொல்லும் போடுவதாயில்லை. விதானை என்பதை அப்படியே உரோம எழுத்தில் எழுதி, அடிக்குறிப்பில் 'தண்ணீரைப் பங்கிடுபவர், தாம் கடைசியாகப் பெறுபவர்' என்று இலத்தீனில் விளக்கம் தருகிறேன். இது இன்றைய வழக்கம் என்றும், சொன்னவர் யார் என்றும் குறிப்பேன். பேராசிரியர் அதை இரண்டு முறை வாசித்தார். பிறகு வன்னியனாருக்கும் பிரின்செப்ஸ் வேண்டாம், வன்னியனார் என்றே இருக்கட்டும் என்றார்.

அண்ணா, ஒரேயொரு முறை. அன்று நான் வேலியால் பார்த்துக்கொண்டு நின்றேன். கொள்ளிக்குடத்தைத் தூக்கியபோது உங்கள் கை நடுங்கியது. உங்களைத் தனியே விட்டதற்கு மன்னிப்புக் கேட்கிறேன். அங்கிக்காக மன்னிப்புக் கேட்க என்னால் முடியாது. கேட்டால் அது பொய், பொய்யை நீங்கள் மன்னிக்கவே மாட்டீர்கள்.

ஆடி கடைசியில் கொழும்புக்கு வந்துவிடுவேன். ஆவணியில் நான் வரலாமா?

தில்லை

—

தர்மபுரம்
9.6.1963

அன்புள்ள தம்பிக்கு,

நாங்கள் இருவரும் சுகம். இந்தக் கடிதம் வரும்போது நீ மூட்டை கட்டிக்கொண்டிருப்பாய். கடற்பயணத்தில் பழங்கஞ்சி கிடைக்காது, எலுமிச்சம்பழம் வாங்கி வைத்துக்கொள்.

உன் கடிதத்துக்கு உடனே பதில் எழுதியிருக்கலாம். எழுதவில்லை. என் கை நடுங்கியதைக் கண்ட ஒருவன் உலகத்தில் இருக்கிறான் என்பதற்குப் பழக நாள் எடுத்தது.

விதானை உத்தியோகம் போய்விட்டது. இப்போது கிராம சேவகர் என்று ஓர் இளைஞன், பெயர் தவராசா, சைக்கிளில் வருகிறான். ஆளுகிறவன் தன்னைச் சேவகன் என்று சொல்லிக்கொள்வது உங்களுக்குப் பழக்கம்தானே. உங்கள் பாப்பரசர்மாரும் ஊழியர்களின் ஊழியர் என்றுதான் கையெழுத்து வைப்பார்கள். இந்தப் பெடியன் எப்படி என்று சொல்ல இன்னொரு வறட்சி வரவேண்டும்.

உன் அடிக்குறிப்பை அப்புத்துரையரிடம் கொண்டுபோனேன். இலத்தீனில் எப்படியிருக்கும் என்று கேட்டார். நானே சொல்லிக்காட்டினேன். இன்னொருக்கால் சொல்லச் சொன்னார். "சத்தம் நல்லாயிருக்கு. என்ர பெயர் இல்லையோ?" என்றார். பெயர் இல்லை, உத்தியோகம் மட்டும் என்றேன். "அதுவும் சரி. பெயரைப் போட்டால் வீரகத்தியால தாங்கேலாது" என்றார். இப்போதும் கோட்டும் குடையும்தான். வழியில் கண்டால் நான் சால்வையை எடுக்கிறேன். உத்தியோகம் போன பிறகு எடுப்பதால் அவருக்கு ஒன்றும் கூடிவிடாது, எனக்கும் ஒன்றும் குறையாது.

ஆவணிக்கு வருகிறேன் என்றாய். கோபம் தீர்ந்துவிட்டது என்று நினைக்காதே. அது எனக்குப் பழகிப்போன சீவன், மெல்லத்தான் போகும். நீ எந்த உடுப்பில் வருகிறாய் என்று நான் கேட்கவில்லை, நீயும் எழுதாதே. ஐயர் வருவார். எள்ளும் தண்ணீரும் நான் இறைப்பேன். உனக்கு அதில் வேலையில்லை.

ஆனால் ஒன்று. சாப்பாட்டுக்கு அப்புத்துரையரும் வீரகத்தியும் அயலும் வரும். சுவாமியார் என்று உன்னை முதற்பந்தியில் இருத்தப் பார்ப்பார்கள். இருக்காதே. விருந்தாளிகள் எழும்பட்டும். பரிமாற ஆள் வேண்டும், நீ சோற்றுப் பெட்டியைத் தூக்கு, நான் கறி கொண்டுவருவேன். நாங்கள் கடைசிப் பந்தியில் இருப்போம்.

கிளிநொச்சியில் இறங்கி முல்லைத்தீவு பஸ் எடு. சந்தியில் இறங்காதே, அங்கிருந்து வீட்டுக்கு வரும் பாதையில் பாலம் உடைந்து கிடக்கிறது. அதற்கு அடுத்த தரிப்பில், புளியமரத்தடியில் இறங்கு. நான் சைக்கிளோடு நிற்பேன். பஸ் பிந்தினாலும் நிற்பேன்.

உன் அண்ணன்,
கதிர்காமநாதன்

தம்பி, நீங்கள் வர இன்னும் இரண்டு மாதம் கிடக்கு. புளியமரத்தடியில பஸ் சரியாய் எந்த இடத்தில நிக்குது எண்டு பாக்க, இவர் இண்டைக்குச் சைக்கிளையும் கொண்டுபோய் நிண்டுபோட்டு வந்தவர். – அண்ணி